உப்புக்காற்று ஊரில் பூட்டும் கேமராவும்: வீட்டுப் பாதுகாப்புக் கருவிகளின் உண்மைத் திறன்

1. கருவிகள் செய்யும் நான்கு வேலைகள்

வீட்டைக் காக்கும் கருவி எதுவாயினும் அது செய்யக்கூடிய வேலைகள் நான்கே: அத்துமீறி நுழைய முயல்பவரைத் தாமதப்படுத்துதல், அம்முயற்சி நடப்பதைக் கண்டறிதல், அதை உரியவருக்கு அறிவித்தல், நடந்ததற்குச் சான்று வைத்தல். பூட்டும் தாழ்ப்பாளும் கம்பிக்கதவும் முதல் வேலைக்குரியவை. அசைவையும் அதிர்வையும் உணரும் கருவிகள் இரண்டாவதற்கும், அபாய ஒலியும் கைப்பேசிச் செய்தியும் மூன்றாவதற்கும், கேமராப் பதிவு நான்காவதற்கும் உரியவை. கைரேகை, எண், அட்டை, கைப்பேசி ஆகியவற்றால் திறக்கப்படும் ‘ஸ்மார்ட்’ பூட்டு, கதவைத் திறக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைத் தீர்மானிக்கும் முறையை மாற்றுகிறதேயன்றி, கதவைப் பெயர்த்தெடுக்க ஆகும் நேரத்தைத் தன்னளவில் கூட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் வாங்கப்படும் கருவி, வீட்டாருக்கு நிம்மதியைத் தருமே தவிர வீட்டுக்குக் காவலைத் தருவதில்லை.

தூத்துக்குடி நகரிலும், வடக்கே தருவைக்குளம், வேம்பாறு வரையிலும் தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு வரையிலும் நீளும் பழைய முத்துக்குளித்துறைக் கரையிலும் இக்கருவிகளின் திறனை மூன்று சூழல்கள் தீர்மானிக்கின்றன. கடலிலிருந்தும் உப்பளங்களிலிருந்தும் வரும் காற்று உலோகத்தையும் மின்சுற்றையும் அரிக்கிறது. புயல் மழைக் காலத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேர நின்றுவிடக்கூடும். கப்பலிலும் தோணியிலும் வெளிநாடுகளிலும் வேலை செய்வோரின் வீடுகள் நெடுநாள் பூட்டிக் கிடக்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ நன்கு இயங்கும் ஒரு கருவியை இங்கே பொருத்துவதற்கு முன் இம்மூன்றையும் அதற்கு எதிரே வைத்துப் பார்ப்பது இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

2. ஆய்வுகள் காட்டுவது

வீட்டுப் பாதுகாப்புக் கருவிகளின் பயனை அளந்த ஆய்வுகளுள் இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பைக் கொண்டு ஆண்ட்ரோமாக்கி செலோனியும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது குறிப்பிடத்தக்கது. சன்னல் பூட்டு, ஆள் இல்லாதபோதும் குறித்த நேரத்தில் எரியும் உள்விளக்கு, உறுதியான கதவுப் பூட்டு, அசைவை உணர்ந்து எரியும் வெளிவிளக்கு ஆகிய நான்கும் ஒன்றாக உள்ள வீடு, எந்தக் கருவியும் இல்லாத வீட்டைவிட 49 மடங்கு பாதுகாப்பானது என்று அவ்வாய்வு கண்டது. இந்நான்கனுள் இணையத்தை நம்பியிருப்பது ஒன்றுகூட இல்லை என்பதும், அபாய ஒலிக் கருவியை மட்டும் தனியே வைத்திருந்த வீடுகளுக்கு அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்பதும் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை.

அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாக ஆய்வாளர்கள் வீடு புகுந்து திருடியதற்காகத் தண்டிக்கப்பட்ட 422 பேரிடம் கேட்டபோது, அபாய ஒலிக் கருவி இருப்பது தெரிந்தால் வேறு வீட்டைத் தேடுவதாக ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கூறினர். கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றிய 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பீடு, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 விழுக்காடு குறைவதாகவும், வாகன நிறுத்துமிடங்களில் அப்பயன் மிகத் தெளிவாகத் தெரிவதாகவும் காட்டியது. இவ்வெண்கள் வேறு நாட்டு வீடுகளுக்கும் வேறு காவல்முறைக்கும் உரியவையாதலால் அப்படியே இங்கு பொருந்தா. எனினும் கருவிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது பயன் பன்மடங்காகிறது, தனித்து நிற்கும்போது சுருங்கிவிடுகிறது என்ற அவற்றின் பொதுமுடிவு எந்த ஊருக்கும் ஏற்புடையதே.

3. கதவும் நிலையும்

தமிழ்நாட்டில் பூட்டிய வீட்டுத் திருட்டுகள் பெரும்பாலும் பூட்டின் உட்பொறியை வென்று நடப்பவை அல்ல. வெளியே தொங்கும் பூட்டைத் தாங்கும் நாதாங்கியும் கொண்டியும் கம்பியாலோ கடப்பாரையாலோ நெம்பப்படுகின்றன. இல்லையேல் பின்கதவோ மொட்டைமாடிக் கதவோ உடைக்கப்படுகிறது. அதன்பின் பீரோ திறக்கப்படுகிறது. பூட்டு எவ்வளவு உயர்ந்ததாயினும் நாதாங்கியை மரத்தில் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளே அந்தக் கதவின் உண்மையான வலு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் நெம்புத் தகடுகள் பெயர்பெற்றவை. ஆனால் இற்றுப்போன மரநிலையில் மாட்டப்பட்ட திண்டுக்கல் பூட்டு, பெயர்ந்துவரும் நாதாங்கியோடு சேர்ந்தே கீழே விழும்.

தொங்குபூட்டுக்கு வேறொரு குறையும் உண்டு: வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கு அது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கதவுப் பலகையின் உள்ளேயே குடைந்து பொருத்தப்படும் பூட்டு, சாவியால் திறப்பதாயினும் கைரேகையால் திறப்பதாயினும், அந்த அறிவிப்பை நீக்கிவிடுகிறது. ஸ்மார்ட் பூட்டு தரும் பயன்களுள் ஐயமற்ற ஒன்று இதுவே. எனினும் அதில் பாதிக்குமேல், மின்னணுவே இல்லாத நல்ல உட்பூட்டாலும் கிடைக்கக்கூடியது.

எனவே பூட்டைத் தேர்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை நான்கு. கதவு, நடுவே வெற்றிடமில்லாத திண்ணிய பலகையாக இருக்க வேண்டும். பூட்டின் நாக்கு நிலைக்குள் குறைந்தது 20 மில்லிமீட்டராவது நுழைய வேண்டும். அந்நாக்கு புகும் குழியின் மேல் பொருத்தும் உலோகத் தகட்டின் திருகாணிகள் நிலைமரத்தைக் கடந்து சுவரைப் பற்றும் நீளமுடையவையாக இருக்க வேண்டும். வெளிப்புறம் திறக்கும் கதவாயின் கீல்களின் ஊசிகளைக் கழற்ற முடியாதபடி செய்திருக்க வேண்டும். இவை நிறைவேறாத வீட்டில் விலையுயர்ந்த பூட்டுக்குச் செலவிடுவது வீண்.

4. உப்பு செய்யும் வேலை

கடற்கரையில் உலோகம் அரிக்கப்படுவதற்கு மழை தேவையில்லை. சோடியம் குளோரைடு எனப்படும் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும் இயல்புடையது. பகலில் பூட்டின்மேல் உலர்ந்த தூளாகப் படிந்திருப்பது, ஈரம் ஏறும் இரவுகளில் மின்னைக் கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாக மாறி, இரும்பைத் துருவாக்குகிறது. பித்தளையிலிருந்து துத்தநாகத்தைப் பிரித்து அதை நொறுங்கச் செய்கிறது. மின்கலத்தின் முனைகளில் பச்சைப் படிவை உண்டாக்குகிறது. வீடு கடலிலிருந்து தள்ளியிருந்தாலும் அருகில் உப்பளம் இருந்தால் இந்நிலை மாறாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய தரக் குறிகள் இரண்டு. முதலாவது, நீரும் தூசியும் புகாமையைக் காட்டும் ஐ.பி. எண்: இதில் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் நீரையும் குறிக்கும்; வெளிக்கதவுப் பூட்டுக்கும் கேமராவுக்கும் ஐ.பி. 65 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். ஆனால் இச்சோதனை நன்னீரில் நடப்பதாதலால் உப்பைத் தாங்கும் திறனை அது காட்டாது. அதற்குரியது இரண்டாவது குறியாகிய உப்புத்தூவல் சோதனை. கட்டட உலோகப் பொருள்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 1670, உப்புநீர்த் தூவலில் 96 மணி நேரம் தாங்குவதை 3-ஆம் தரம் என்றும், 240 மணி நேரத்தை 4-ஆம் தரம் என்றும், 480 மணி நேரத்தை 5-ஆம் தரம் என்றும் வகுக்கிறது. கடலோர வீட்டின் வெளிக்கதவுக்கு 4-ஆம் தரத்துக்குக் குறையாமல் கேட்பது நல்லது. துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற வகையைவிட, மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு சேர்ந்த 316 என்ற வகையே உப்பைத் தாங்கும், விற்பவர் ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் சொல்வது எந்த வகை என்பதைத் தெரிவிப்பதாகாது.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். பூட்டின் துளைக்குள் தேங்காயெண்ணெய் விடுவது தூசியைத் திரட்டி நாளடைவில் பிசினாக்கும். கிராஃபைட் தூள் உலர்ந்த ஊர்களுக்குப் பொருந்தினும், ஈர உப்பின் நடுவே மின்வேதி அரிப்பைத் தூண்டக்கூடும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து உலரவிட்டபின், பி.டி.எஃப்.இ. என்ற உலர்வழுக்கிப் பொருளைத் தெளிப்பதே இக்கரைக்கு ஏற்ற முறை.

5. ஸ்மார்ட் பூட்டின் சாவிகள்

கைரேகைப் பூட்டின் திறன் இரண்டு பிழை விகிதங்களால் அளக்கப்படும். அயலாரை வீட்டார் என்று ஏற்பது ஒன்று. வீட்டாரை அயலார் என்று மறுப்பது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கும்போது மற்றொன்று கூடும் என்பதால், விளம்பரம் முதலாவதை மட்டும் சொல்லும்போது இரண்டாவதையும் கேட்க வேண்டும். உப்பளத் தொழிலாளர், வலை பின்னுவோர், மீன் வெட்டுவோர், துறைமுகச் சுமைத் தொழிலாளர் ஆகியோரின் விரல்ரேகைகள் தேய்ந்தும் வெடித்தும் இருப்பதால், நியாயவிலைக் கடைக் கருவியில் நேர்வது போன்ற மறுப்பு வீட்டுக்கதவிலும் நேரும். அவ்வகைக் குடும்பங்கள் பூட்டை வாங்குமுன் கடையிலேயே எல்லோருடைய விரல்களையும், ஈரமான நிலையிலும் உலர்ந்த நிலையிலும், வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு விரல்களையேனும் பதிவதும், எண் முறையை மாற்றுவழியாக வைப்பதும் தேவை.

எண்பலகையில் ஒரே எண்ணை ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் அவ்வெண்களுக்குரிய இடங்கள் மட்டும் தேய்ந்து மறைச்சொல்லைக் காட்டிக்கொடுக்கும். அட்டைகளுள் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய வகைகளை மலிவான கருவியால் நகலெடுக்க முடியும். பரவலாகப் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறையாக்கத்தையும் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினர். புளூடூத் பூட்டுகளைப் பொறுத்தவரை, 2016-இல் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் முன்வைக்கப்பட்ட சோதனையில் 16 பூட்டுகளுள் 12 திறந்துகொண்டன. 2018-இல் டேப்லாக் என்ற கைரேகைப் பூட்டு, தான் வெளிப்படையாக ஒலிபரப்பும் முகவரியிலிருந்தே தன் திறப்புக் குறியீட்டை உருவாக்கியதால், பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் நிறுவனத்தார் அதை இரண்டு நொடிக்குள் கைப்பேசியால் திறந்தனர். 2022-இல் என்.சி.சி. குழுமம் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், வீட்டுக்காரரின் கைப்பேசி தொலைவில் இருக்கும்போதே அதன் சமிக்ஞையை இடையிலிருந்து கடத்தி, நெருங்கினால் தானே திறக்கும் பூட்டுகளை ஏமாற்ற முடியும் என்று காட்டியது.

இவற்றைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. கடப்பாரையோடு வருபவர் மறையாக்கத்தை உடைக்க முனைவது அரிது. வேலையை விட்டு நின்ற பணியாளரின் எண் நீக்கப்படாமல் இருப்பது, பூட்டோடு வந்த தொடக்க மறைச்சொல் மாற்றப்படாமல் இருப்பது, கைப்பேசிச் செயலியின் ஒரே கணக்கைக் குடும்பத்தார் அனைவரும் பகிர்வது ஆகியவையே அன்றாட வாழ்வில் இப்பூட்டுகளைத் தளர்த்துபவை. நெருங்கினால் திறக்கும் வசதியை அணைத்து வைப்பதும், மென்பொருள் திருத்தங்களை எத்தனை ஆண்டுகளுக்குத் தருவதாக நிறுவனம் எழுத்தில் உறுதியளிக்கிறது என்று பார்ப்பதும் போதுமான முன்னெச்சரிக்கைகள்.

6. மின்சாரமும் வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடியின் பல பகுதிகளில் நாள்கணக்கில் நீர் வடியாமல் நின்றது. மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் பரவலாகத் துண்டிக்கப்பட்டன. மின்னணுக் காவலை முழுதும் நம்பியிருக்கும் வீடு, வீட்டார் வெளியேற நேரும் இத்தகைய நாள்களிலேயே காவலற்றுப் போகிறது என்பதை அந்த வெள்ளம் கொண்டு அறியலாம்.

இதிலிருந்து பெறும் விதிகள் தெளிவானவை. ஸ்மார்ட் பூட்டில் சாவித்துளையும், மின்கலம் தீர்ந்தபோது வெளியிலிருந்து மின்னூட்டம் தரும் முனையும் இருக்க வேண்டும்; அச்சாவி வீட்டுக்குள் அல்லாமல் நம்பகமான உறவினரிடம் இருக்க வேண்டும். கேமராப் பதிவுப்பெட்டியைத் தரையை ஒட்டியோ வரவேற்பறைத் தொலைக்காட்சியின் கீழோ வைக்காமல், மேல்தளத்தில் பூட்டிய அலமாரிக்குள் வைத்தால் வெள்ளத்திலிருந்தும், பதிவுப்பெட்டியையே தூக்கிச் செல்லும் திருடரிடமிருந்தும் அது தப்பும். பதிவுப்பெட்டிக்கும் இணையப்பெட்டிக்கும் சிறு யு.பி.எஸ். இணைத்தால் குறுகிய மின்தடைகளைக் கடக்கலாம். பூட்டு நிறுவனங்கள் பலவும் லித்தியம் மின்கலங்களைத் தவிர்த்து ஆல்கலைன் மின்கலங்களைப் பரிந்துரைக்கின்றன. லித்தியத்தின் மின்னழுத்தம் கடைசிவரை குறையாமல் இருந்து திடீரென விழுவதால், மின்கலம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை உரிய காலத்தில் வராமல் போவதே அதற்குக் காரணம்.

7. கேமராவும் சான்றும்

ஒருவரை முகம் பார்த்து அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரநிலை ஐ.இ.சி. 62676 கூறுகிறது. 1920 புள்ளி அகலமுடைய 2 மெகாபிக்சல் கேமரா, ஏறத்தாழ ஏழரை மீட்டர் அகலக் காட்சிவரைதான் அத்தெளிவைத் தரும் என்பது இதிலிருந்து கிடைக்கும் கணக்கு. தெரு முழுவதையும் ஒரே கேமராவில் அடக்க முயலும்போது, யாரோ வந்தார் என்பது தெரியுமே ஒழிய வந்தவர் யார் என்பது தெரியாது. எனவே வாயிலைக் குறுகிய கோணத்தில் முகவுயரத்துக்குச் சற்றே மேலிருந்து பார்க்கும் ஒரு கேமரா, மாடியிலிருந்து பரந்து பார்க்கும் மூன்று கேமராக்களைவிடப் பயனுடையது. கண்ணாடியில் உப்புப்படலம் படிந்தால் இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி அதிலேயே சிதறிப் படம் வெளுத்துவிடும் என்பதால், இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் துடைக்க வேண்டும்.

கேமராவே திருட்டுக்கு வழியாகவும் ஆகலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத தொடக்க மறைச்சொற்களைக் கொண்டே பெருந்தொகையான கேமராக்களைக் கைப்பற்றியது. இந்திய அரசு கண்காணிப்புக் கேமராக்களுக்கான கட்டாயப் பாதுகாப்புத் தேவைகளை 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. அதன்கீழ்ச் சான்று பெற்ற மாதிரிதானா என்று கேட்டு வாங்குவது இன்று வாங்குபவரின் உரிமை. எதிர்வீட்டு வாசலையோ அடுத்த வீட்டுக் கிணற்றடியையோ பார்க்காதபடி கேமராவைத் திருப்பி வைப்பது மரியாதைக்கும் சட்டத்துக்கும் பொருந்தியது.

பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, அது எந்தக் கருவியில் எவ்வாறு பதிவாயிற்று என்பதை உறுதிசெய்யும் சான்றிதழ் உடன் வர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின் கீழும் இச்சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. ஆகவே திருட்டுக்குப்பின் காட்சியைக் கைப்பேசியால் படம்பிடித்துப் பகிர்வதோடு நின்றுவிடாமல், மூலப்பதிவு அழியாமல் காத்துக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பதிவுப்பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், காப்பீட்டு ஒப்பந்தம் வன்முறையோடு நுழைந்த திருட்டை மட்டுமே ஏற்பதாக இருந்தால், வன்முறை இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. திருடிய எண்ணாலோ நகலெடுத்த அட்டையாலோ திறக்கப்பட்ட கதவில் உடைப்பின் அடையாளம் இராது என்பதால், ஸ்மார்ட் பூட்டு பொருத்திய வீட்டார் தம் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘உடைத்து நுழைதல்’ எவ்வாறு வரையறுக்கப்பட்டுள்ளது என்பதைப் படித்தறிய வேண்டும்.

8. பொருளைக் குறைத்தலும் ஆளைச் சேர்த்தலும்

இக்கரை தன் விலைமிக்க பொருளைக் காத்த முறையை முத்துக்குளிப்பின் வரலாறு காட்டுகிறது. அரசு நடத்திய முத்துக்குளிப்புகளில் கரைசேர்ந்த சிப்பிகள் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குள் கொண்டுவரப்பட்டு மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டன. குளியாளிகள் ஒரு பங்கைப் பெற்று வெளியேற, அரசின் பங்கு அன்றன்றே ஏலத்தில் விற்கப்பட்டது. வேலி தாமதப்படுத்தியது, காவலர் கண்டறிந்தனர், ஏலம் காக்க வேண்டிய குவியலையே அன்றாடம் குறைத்தது. 1961-இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்போடு அம்முறை முடிந்தபோதிலும், காக்க வேண்டியதைக் குறைப்பதும் காவலின் ஒரு பகுதியே என்னும் அதன் உட்கருத்து வீடுகளுக்கும் பொருந்தும்.

நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பது எந்தப் பூட்டைவிடவும் பெரிய மாற்றத்தைத் தரும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி முதலியவற்றால் பெட்டகப் பொருளுக்கு இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்குவரை ஆகும். நகையின் முழு மதிப்பையும் அது ஈடுசெய்யாது என்பதால், உயர்ந்த மதிப்புடையவற்றுக்குத் தனிக் காப்பீடும் வேண்டும்.

ஆளைச் சேர்த்தல் என்பது, அறிவிப்பு வந்தபின் வீட்டுக்குச் செல்லக்கூடியவரை முன்கூட்டியே முடிவு செய்வது. துபாயிலோ நடுக்கடலிலோ இருப்பவரின் கைப்பேசியில் நள்ளிரவில் தோன்றும் அசைவுச் செய்தி, சில நிமிடங்களுக்குள் அவ்வீட்டு வாசலுக்கு வரக்கூடிய ஒருவருக்கும் சேர்ந்து போனால்தான் பயன்படும். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் திருவிழா முடியும் ஆகஸ்ட் 5 போன்ற நாள்களில், தெருவே வெறிச்சோடிக் கிடக்கும் மாலைகளில், அந்த ஒருவர்கூட ஊர்வலத்தில் இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நெடுநாள் வெளியூர் செல்வோர் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் சென்றால் ரோந்துக் காவலர் அவ்வீட்டையும் பார்த்துச் செல்வர், அதற்குக் கட்டணமில்லை.

9. செலவிடும் வரிசை

கையிருப்பு குறைவாக உள்ளவர் முதலில் கதவு, நிலை, நாதாங்கி, பின்கதவு, மாடிக்கதவு ஆகியவற்றைச் சீராக்கி, அடுத்து நகையை வெளியேற்றி, அதன்பின் உட்பூட்டும் வெளிவிளக்கும் பொருத்த வேண்டும். இவை முடிந்தபின் வாயிலைப் பார்க்கும் ஒரு கேமரா. அதற்கும் பிறகே ஸ்மார்ட் பூட்டு. சாவியைத் தொலைக்கும் முதியோர், நேரம் மாறி மாறி வரும் துறைமுகத் தொழிலாளர், வாடகைக்கு விடும் வீட்டார் ஆகியோருக்கு மட்டும் ஸ்மார்ட் பூட்டை வரிசையில் முன்னே கொண்டுவரலாம். அவர்களுக்கு அது உண்மையான தேவையைத் தீர்க்கிறது.

பொருத்தியவற்றை ஆண்டுக்கு இருமுறை சோதிக்க வேண்டும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் சனவரியில் ஒருமுறை. மின்கலங்களை மாற்றுதல், சாவியால் திறந்து பார்த்தல், வேண்டாத எண்களை நீக்குதல், முந்தைய இரவின் பதிவை ஓட்டிப் பார்த்தல், முதன்மை மின்சுவிட்சை அணைத்துவிட்டு எவை இயங்குகின்றன, எவை நிற்கின்றன என்று குறித்தல் ஆகிய ஐந்தும் அச்சோதனையில் அடங்கும். ஐந்தாவது சோதனையில் நின்றுவிடும் கருவிகளை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கணக்கிட்டால், அந்த வீட்டின் உண்மையான காவல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அடுத்த செலவை அந்த எச்சத்தை வலுப்படுத்துவதிலிருந்தே தொடங்க வேண்டும்.